நானூற்றுப் பதினொன்று: கடலோரப் பட்டறையில் அலாரம் எண்களைப் படிப்பது

திருகோணமலையில் இருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டிப் போனால் ஒரு சிறு பட்டறை இருக்கிறது. யப்பானில் பல வருடம் உழைத்து, பாவித்த மெஷினாக இங்கே வந்து சேர்ந்த சிஎன்சி லேத் ஒன்று அதில் ஓடுகிறது. தோணி மோட்டரின் தண்டு, நெல் ஆலைக்குப் புஷ், நீர்ப்பம்பின் ஷாஃப்ட் என்று நாள் முழுக்க வேலை. ஒரு கார்த்திகை மாலை, தண்டு ஒன்றைப் பாதி கடைந்த நிலையில் மெஷின் நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக 411. வேலையில் நின்ற தம்பி ரீசெட்டை அழுத்தி மறுபடி ஓடவிட்டார். இரண்டு நிமிடம் ஓடி மீண்டும் அதே எண். ஐந்தாவது தரம் நின்றதும் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “அண்ணை, நானூற்றுப் பதினொன்று வந்திட்டுது. என்ன சாமான் மாத்தோணும்?”

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எண்ணைச் சொன்னால் மாற்ற வேண்டிய சாமானின் பெயர் கிடைக்கும் என்று பட்டறைக்காரர் நம்புகிறார்கள். கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு வரி இருக்கிறது, அந்த வரியே விடை என்று இளம் தொழில்நுட்பர் பலரும் நினைக்கிறார்கள். அலாரம் எண் ஒரு சாட்சியின் வாக்குமூலம். எந்த இடத்தில், எந்த நொடியில், எந்த அளவு எல்லை மீறியது என்பதை மட்டும் அது சொல்லும். யார் செய்தது, ஏன் செய்தது என்று அதற்குத் தெரியாது. அதைத் தேடிப் போக வேண்டியது மனிதர். கடலோரத்தில் அந்தத் தேடல் பெரும்பாலும் மின்பெட்டிக்கு வெளியேதான் முடிகிறது. உப்பில், பற்றரியில், மின்சாரத்தில், தேய்ந்த ஒரு கேபிளில்.

பின்னடைவு என்ற சொல்

411 ஐ எடுத்துக்கொள்வோம். ஃபனுக் என்ற யப்பானிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் அதற்கு எழுதியிருக்கும் ஆங்கிலச் சொல் ‘எக்ஸெஸ் எரர்’. நம்மவர் அதை ‘அதிக பிழை’ என்று படித்து, ஏதோ பிழை கூடிவிட்டது என்று விளங்கிக்கொள்கிறார்கள். தவறான விளக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த ‘எரர்’ பிழை அல்ல. கணினி போகச் சொன்ன இடத்துக்கும் மேசை உண்மையில் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். தமிழில் பின்னடைவு என்றால் சரியாக வரும்.

மேசையை நகர்த்தும் சேர்வோ மோட்டர் கட்டளையைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும், ஒருபோதும் அதனுடன் சமமாக ஓடாது. எவ்வளவு பின்னால் ஓடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 6000 மில்லிமீற்றர் வேகம் என்றால் நொடிக்கு 100 மில்லிமீற்றர். நிலைக் கட்டுப்பாட்டின் ஈட்டம் நொடிக்கு 30 என்று வைத்திருந்தால், 100 ஐ 30 ஆல் வகுக்க 3.33 மில்லிமீற்றர் வரும். நல்ல ஆரோக்கியமான மெஷினிலும் அந்த வேகத்தில் மேசை கட்டளைக்கு 3.33 மில்லிமீற்றர் பின்னால்தான் வரும். கணினிக்கு இது முன்கூட்டியே தெரியும். இவ்வளவுக்கு மேல் பின்தங்கினால் நிறுத்து என்று ஒரு எல்லையும் பராமீற்றரில் இருக்கிறது. ஓடும்போது அந்த எல்லை மீறினால் 411, நிற்கும்போது மீறினால் 410.

ஆகவே 411 சொல்வது ஒன்றே ஒன்று: இழுத்தேன், வரவில்லை. ஏன் வரவில்லை? வழியில் இரும்புத்தூள் சிக்கியிருக்கலாம். வழுக்குத் தளத்துக்கு எண்ணெய் போகாமல் இருக்கலாம். நிமிர்ந்து நிற்கும் அச்சில் பிரேக் விடுபடாமல் இருக்கலாம். போல் ஸ்க்ரூவின் பேரிங் இறுகியிருக்கலாம். மோட்டருக்கு வரும் மூன்று வயரில் ஒன்று பாதி அறுந்திருக்கலாம். மோட்டருக்கு மின்னோட்டம் தரும் டிரைவ் களைத்திருக்கலாம். அல்லது கருவி சக்கில் போய் முட்டியிருக்கலாம். இத்தனைக்கும் ஒரே எண். இதில் ‘டிரைவை மாற்று’ என்று சொல்பவர் பல சாத்தியங்களில் ஒன்றை, அதுவும் விலை கூடிய ஒன்றை, கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்கிறார்.

அந்தக் கார்த்திகை மாலைக்குத் திரும்புகிறேன். மின்சாரத்தை நிறுத்தி, இசட் அச்சின் போல் ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சீராகச் சுற்றியது. எண்ணெய் தளத்துக்கு வந்திருந்தது. டிரைவில் உள்ள சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்தோம். உள்ளே தேங்கிய மின்னேற்றம் ஆளைக் கொல்லும் அளவு என்பதால் இதில் யாரும் அவசரப்படக் கூடாது. பிறகு மோட்டர் வயர்களை டிரைவில் இருந்து கழற்றி, மூன்று வயருக்கும் இடையே மின்தடையை அளந்தேன். மூன்று சோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு சோடி சரியாக இருந்தது, மற்ற இரண்டும் கூடக் காட்டின. கூடிய இரண்டிலும் பொதுவாக இருந்தது ஒரே வயர். அதைப் பிடித்துக்கொண்டே போய் மோட்டரின் பின்பக்கக் கனெக்டரைத் திறந்தோம். நடுவில் இருந்த ஊசியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு. கூலண்ட் கசிந்து, உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. மெல்லிய கடைசல் வரும்போது மோட்டர் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆழமாக வெட்டும்போது அந்த ஒற்றை ஊசியால் தேவையான மின்னோட்டம் போகவில்லை, மேசை பின்தங்கிவிட்டது. ஊசியைத் துலக்க வழியில்லை, புதுக் கனெக்டர் போட்டோம். செலவு, ஒரு டிரைவின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இதே எண்ணுக்கு, சில வருடம் முன்பு வேறொரு இடத்தில், தலைநகரில் இருந்து வந்த ஒருவர் டிரைவ் போர்டை மாற்றினார். மெஷின் மூன்று நாள் ஓடியது, பிறகு மறுபடி 411. நான் போய்ப் பார்த்தபோது கேபிள் சங்கிலிக்குள் வயரின் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. போர்டை மாற்றுவதற்காக வயர்களைக் கழற்றிப் பூட்டியதில் கேபிள் சற்று நகர்ந்து, மூன்று நாள் தொடர்பு நல்லபடி இருந்திருக்கிறது. தற்காலிகமாகச் சரியாவதுதான் இந்தத் தொழிலில் ஆளை மிகவும் ஏமாற்றும். அந்தப் பட்டறை முதலாளி அந்தப் போர்டுக்கான கடனைக் கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தார்.

எண்களின் குடும்பங்கள்

எண்களுக்கு முன், அவற்றைக் காட்டும் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1952 இல் அமெரிக்காவின் எம்ஐடியில் துளையிட்ட நாடாவால் ஒரு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். 1956 இல் யப்பானில் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குள் செய்யுவேமோன் இனாபாவின் குழு இந்த எண்வழிக் கட்டுப்பாட்டு வேலையில் இறங்கியது. 1972 இல் அந்தக் குழு பிரிந்து ஃபனுக் என்ற தனி நிறுவனமானது. இன்று ஃபூஜி மலையடியில் இருந்து வரும் அந்த மஞ்சள் நிறக் கட்டுப்பாடுகள்தான் இலங்கை, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நாம் அதிகம் காண்பவை. அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பாலும் அவற்றின் எண்களே வருகின்றன.

ஃபனுக்கின் புதிய கட்டுப்பாடுகள் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துப் போடுகின்றன. பிஎஸ் என்றால் நிரல், எஸ்வி என்றால் சேர்வோ, எஸ்பி என்றால் ஸ்பிண்டில், ஓடி என்றால் எல்லை தாண்டல், ஓஎச் என்றால் சூடு, டிஎஸ் வரிசையில் தானம் (மேசை நிற்கும் இடம்) தொலைந்ததும் பற்றரியும், ஈஎக்ஸ் என்றால் மெஷின் செய்தவர் எழுதியது. பழைய கட்டுப்பாடுகளில் இந்த எழுத்துகள் இல்லை, வெறும் எண்தான். ஆனால் 401, 410, 411 போன்றவை தலைமுறை தலைமுறையாக ஒரே பொருளில் வருகின்றன. சீமென்ஸ் வேறு வழி. 10000 வரிசை நிரலுக்கும் சானலுக்கும், 20000 வரிசை அச்சுகளுக்கும் ஸ்பிண்டிலுக்கும், 60000 வரிசை சைக்கிள்களுக்கும், 700000 வரிசை மெஷின் செய்தவரின் சொந்த அலாரங்களுக்கும். ஹாஸ் மெஷின்களில் 120 என்றால் காற்றழுத்தம் குறைவு, 102 என்றால் சேர்வோ நின்றுவிட்டது. ஆகவே எந்தக் கட்டுப்பாடு என்று கேட்காமல் எண்ணுக்குப் பொருள் சொல்லக் கூடாது. தொலைபேசியில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

ஈஎக்ஸ் வகை தனியாகப் பேச வேண்டியது. ஃபனுக் கட்டுப்பாட்டில் 1000 முதல் 1999 வரை மெஷின் செய்தவர் தமக்காக வைத்துக்கொள்ளும் எண்கள். அவை வந்தால் மெஷின் நிற்கும். 2000 வரிசை வெறும் அறிவிப்பு, நிற்காது. ஒரே ஃபனுக் கட்டுப்பாடு போட்ட இரண்டு மெஷின்களில் 1005 க்கு இரண்டு பொருள் இருக்கும். ஒன்றில் எண்ணெய் குறைவு, மற்றதில் கதவு திறந்திருக்கிறது. ஃபனுக் கையேட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. மெஷின் செய்தவரின் புத்தகம் வேண்டும். யப்பானில் இருந்து பாவித்த மெஷினாக வருபவற்றோடு அந்தப் புத்தகம் வருவது அபூர்வம். திரையின் மொழியை ஒரு பராமீற்றரில் மாற்றிவிடலாம், ஆனால் மெஷின் செய்தவர் எழுதிவைத்த செய்தி அவர் எழுதிய மொழியிலேயே நிற்கும். யப்பானிய எழுத்தில் ஒரு வரி, அதற்கு நேரே 1012. இதைப் பார்த்துக் கையை விரித்தவர்கள் உண்டு.

விரிக்கத் தேவையில்லை. கட்டுப்பாட்டுக்குள்ளேயே லாடர் என்ற தர்க்க வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு ஈஎக்ஸ் அலாரத்துக்கும் அதில் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு முகவரி. அந்த முகவரியைத் தேடி, அதை எரியவிட்ட தொடுப்பு எது என்று பின்னோக்கிப் போக வேண்டும். கடைசியில் ‘எக்ஸ்’ என்று தொடங்கும் ஒரு உள்ளீட்டில் போய் நிற்போம். அது மெஷினில் எங்கோ இருக்கும் ஒரு சென்சர், ஒரு அழுத்த சுவிட்ச், ஒரு எண்ணெய் மிதவை. யப்பானியம் தெரியாமலே அந்த 1012 ஐ இப்படித்தான் பிடித்தேன். ஹைட்ரோலிக் அழுத்த சுவிட்ச். ஆனால் சுவிட்ச் நல்லது, அழுத்தம்தான் குறைவு. யப்பானின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60. ஒசாகா பக்கம் 60 இல் ஓடிய பம்ப் மோட்டர் நம் 50 இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், எண்ணெயும் அந்த அளவுக்குக் குறைவாகவே தள்ளும். தேய்ந்த பம்ப் அங்கே சமாளித்தது, இங்கே சமாளிக்கவில்லை.

நிரல் அலாரங்களை நான் விரிவாகப் பேசப் போவதில்லை. பிஎஸ் 10 என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தெரியாத ஜி-கோட், பிஎஸ் 20 என்றால் வளைவின் தொடக்கமும் முடிவும் ஒரே ஆரத்தில் பொருந்தவில்லை, பிஎஸ் 41 என்றால் உள்மூலைக்குள் கருவியின் ஆரம் போகாது, பிஎஸ் 78 என்றால் தாவச் சொன்ன வரி எண் நிரலில் இல்லை. இவை நேர்மையானவை. எந்த வரியில் நின்றதோ அதையும் அதற்கு அடுத்ததையும் படித்தால் பெரும்பாலும் போதும்.

அலாரமே வராத பிழைதான் எனக்குப் பயம். பல ஃபனுக் கட்டுப்பாடுகளில், ஒரு பராமீற்றர் இருக்கும் நிலையைப் பொறுத்து, புள்ளி வைக்காமல் ‘எக்ஸ் 50’ என்று எழுதினால் அது 50 மில்லிமீற்றர் ஆகாது, 0.05 மில்லிமீற்றர் ஆகிவிடும். கணினிக்கு இது சரியான கட்டளை. கருவி சந்தோஷமாகச் சக்கை நோக்கிப் போகும். முட்டிய பிறகு 411 வரும், அல்லது மோட்டர் மிகைச் சுமை என்று 436 வரும். அப்போது எண்ணைப் படித்து மோட்டரைக் கழற்றுபவர், புள்ளி ஒன்றைத் தேட வேண்டியவர்.

உப்பு, பற்றரி, மின்வெட்டு

நிலாவெளியில் உப்பைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உப்பளம் கண்ட ஊர். கடலில் இருந்து வந்ததும் தோணி மோட்டரை நல்ல தண்ணியில் சற்று நேரம் ஓடவிட்டுத்தான் மீனவர் வீட்டுக்குப் போவார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, தண்ணீர் வடிந்த மோட்டர்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு உப்பு எவ்வளவு பிடிவாதமானது என்று தெரியும். ஆனால் அதே ஊரில், வெயில் காலத்தில் மின்பெட்டி சூடாகி ஓஎச் 700 என்றோ, உள்ளே விசிறி நின்று ஓஎச் 701 என்றோ வந்தால், பெட்டிக் கதவைத் திறந்துவைத்து மேசை விசிறியை உள்ளே திருப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. எண் போய்விடுகிறது, அதனால் இது வைத்தியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கடற்காற்றையும் இரும்புத் தூசையும் கூலண்ட் புகையையும் நேரே போர்டின் மேல் ஊதிவிடுகிறோம்.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் போர்டின் மேல் படிந்த உப்பு உலர்ந்து தூளாகக் கிடக்கும், ஒன்றும் செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று தொடங்கி இரவில் ஈரம் ஏறும்போது அதே தூள் மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். காலையில் மெஷினைப் போட்டதும் எஸ்வி 438, அதாவது மோட்டருக்குப் போகும் மின்னோட்டம் அசாதாரணம். பத்து மணிக்குச் சூடேறிக் காய்ந்ததும் அலாரம் இல்லை. ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்பார்கள். தானாகச் சரியான அலாரம் வாடைக்கு மறுபடி வரும், அடுத்த தரம் டிரைவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

இந்த அலாரத்துக்கு மோட்டரின் மின்காப்பை மெகர் என்ற காப்புமானி வைத்து அளக்க வேண்டும். டிரைவில் இருந்து வயரைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மெகரின் 500 வோல்ட் டிரைவை எரித்துவிடும். நிலத்துக்கு 100 மெகாஓம்முக்கு மேல் காட்டினால் நல்லது. 10 க்கும் 100 க்கும் இடையில் என்றால் தேய்வு தொடங்கிவிட்டது, ஒழுங்காகக் கவனித்து வர வேண்டும். 1 க்கும் 10 க்கும் இடையில் என்றால் ஆபத்து. 1 மெகாஓம்முக்குக் கீழே என்றால் அந்த மோட்டரை ஓடவிடக் கூடாது. கடலோரத்தில் இதை அலாரம் வந்த பிறகு அளப்பது தாமதம். வாடைக்கு முன்னும் பின்னும் வருடம் இரு தரம் அளந்து எழுதிவைத்தால், ஒரு மோட்டர் 300 இல் இருந்து 80 க்கும் 80 இல் இருந்து 15 க்கும் இறங்குவது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

பற்றரிக் கதை நாட்டின் கதையோடு சேர்ந்தது. மேசை எங்கே நிற்கிறது என்பதை மெஷின் நிறுத்தியிருக்கும்போதும் நினைவில் வைத்திருக்க என்கோடருக்கு ஒரு பற்றரி உண்டு, பல மெஷின்களில் 6 வோல்ட். மெஷினுக்கு மின்சாரம் இருக்கும்போது பற்றரி செலவாகாது, இல்லாதபோதுதான் செலவாகும். 2020 மார்ச் 20 இல் ஊரடங்கு தொடங்கிப் பட்டறைகள் வாரக்கணக்கில் பூட்டியே கிடந்தன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. டொலர் இல்லாமல் இறக்குமதியும் முடங்கியிருந்தது. ஒரு வருடம் தாங்க வேண்டிய பற்றரிகள் பாதியிலேயே தீர்ந்தன. 307, 308 என்று எச்சரிக்கை வந்தபோது பலர் அதைக் கவனிக்கவில்லை, மெஷின் ஓடிக்கொண்டுதானே இருந்தது. பிறகு 306, கடைசியில் 300. மெஷினுக்குத் தன் தானம் தெரியாது.

இதில் மாற்ற வேண்டிய சாமான் மலிவானது. பற்றரிப் பெட்டிக்குள் பெரிய டோர்ச் பற்றரி நான்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும், அல்கலைன் வகையாக மட்டும் இருக்க வேண்டும், மற்றவை கசிந்து பெட்டியை அரித்துவிடும். மெஷினுக்கு மின்சாரம் இருக்கும்போதே, அவசர நிறுத்தத்தை அழுத்திவைத்துக்கொண்டு மாற்றினால் தானம் அழியாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றுவது பாதுகாப்பு என்று நினைத்து மாற்றியவர்கள், அந்தப் பாதுகாப்பினாலேயே தானத்தைத் தொலைத்தார்கள். தொலைந்த பிறகு ஒவ்வொரு அச்சையும் அதன் குறிக்குக் கொண்டுபோய், 1815 என்ற பராமீற்றரில் ஒரு பிட்டை 1 ஆக்கி, இதுதான் உன் தானம் என்று சொல்ல வேண்டும். லேத்தில் சற்றுத் தவறினாலும் ஓஃப்செட்டில் சமாளிக்கலாம். கருவியைத் தானாக மாற்றும் மில்லிங் மையத்தில் இசட் அச்சின் தானம் தவறினால், கருவி மாற்றும் கை ஸ்பிண்டிலில் இடித்து வளைந்துவிடும். இணையத்தில் யாரோ சொன்ன வழியைப் பார்த்து அந்த பிட்டை அவசரமாக 1 ஆக்கி இப்படி நடந்ததை நான் இரண்டு இடத்தில் பார்த்தேன். குறியை இரண்டு பேர் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகே அந்த பிட்டைத் தொட வேண்டும்.

மின்சாரத்தின் அளவும் ஒரு பிரச்சினை. யப்பானிய மெஷின் மூன்று கட்டத்தில் 200 வோல்ட் கேட்கும், நமக்கு வருவது 400. இடையில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். டிரைவ் 15 வீதம் வரை இறங்கினால் தாங்கும், அதாவது 200 க்கு 170 வரை. நம் லைன் 340 க்கு இறங்கும் மாலையில், ட்ரான்ஸ்ஃபோமருக்கு அந்தப் பக்கம் சரியாக 170. ஸ்பிண்டில் வேகமெடுக்கும் நொடியில் இன்னும் இறங்கி, மின்னழுத்தம் குறைவு என்று எஸ்வி 433 வரும். இதை டிரைவ் பழுது என்று கழற்றியவர்கள் உண்டு. இந்த அலாரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூடு. எப்போதும் மாலையில் வருகிறதா என்று கேட்க வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. அப்படித் திடீரென்று நின்ற மெஷின்களில் கருவி மாற்றும் கை பாதி வழியில் நிற்கும், மின்சாரம் வந்ததும் ஈஎக்ஸ் அலாரம். அங்கே எதுவும் பழுதில்லை, கையைப் பொறுமையாக அதன் இடத்துக்குத் திருப்பினால் முடிந்தது.

முதலில் வந்தது எது

சேர்வோ அலாரங்கள் தனியாக வருவதில்லை. ஒன்று வந்ததும் டிரைவ் எல்லாம் நின்றுவிடும், அதனால் மற்ற அச்சுகளுக்கு 401, டிரைவ் தயாராக இல்லை என்று அடுக்கடுக்காக வரும். திரை நிறைந்துவிடும். பயந்துபோய் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார்கள். தேவை முதலில் வந்தது மட்டும். அலாரம் வரலாறு என்று ஒரு திரை இருக்கிறது, அதில் நேரம் இருக்கும். டிரைவின் முகத்தில் ஒரு சிறு எண் எரியும், அதுவும் சேர்ந்தால் பாதி வழக்கு முடிந்தது. ரீசெட்டை அழுத்தும் முன் திரையையும் டிரைவ் முகத்தையும் தொலைபேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்கிறேன். அந்தத் தம்பிக்கு இப்போது அது பழக்கமாகிவிட்டது.

மாற்றிப் பார்ப்பது இன்னொரு வழி. ஒரே அளவு டிரைவ் இரண்டு இருந்தால் எக்ஸின் வயரை இசட்டிலும் இசட்டின் வயரை எக்ஸிலும் போட்டு, அலாரம் எதோடு போகிறது என்று பார்க்கலாம். மோட்டரோடு போனால் மோட்டர் அல்லது கேபிள், டிரைவிலேயே நின்றால் டிரைவ். லேத்தில் இரண்டு மோட்டரும் ஒரே அளவாக இருப்பது குறைவு என்பதால் எல்லா இடத்திலும் இது செல்லாது. அளவு பாராமல் மாற்றிப் போட்டு நல்ல டிரைவையும் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் இந்த வேலை வேறு மாதிரி. 1988 இலேயே எல்எம்டபிள்யூ நிறுவனம் அங்கே சிஎன்சி மெஷின் செய்யத் தொடங்கிவிட்டது, ஃபனுக்கின் இந்தியத் தலைமையகம் பெங்களூருவில். பீளமேட்டிலோ கணபதியிலோ மெஷின் நின்றால், தெரிந்த ஆள் அதே ஊரில் இருப்பார், சாமானும் அடுத்த நாள் வரும். அங்கே படித்தவர்கள் எழுதும் வழிகாட்டிகள் இந்த வசதியை நம்பி எழுதப்பட்டவை. நமக்கு ஆள் வர வேண்டியது கொழும்பில் இருந்து, 260 கிலோமீற்றர். அவர் வந்து சேரும் நாளில் அலாரம் வராமல் போகவும் கூடும். அதனால் தொலைபேசியில் சரியாகச் சொல்லத் தெரிவது இங்கே ஒரு தொழில்நுட்பம். எந்த அச்சு, ஓடும்போதா நிற்கும்போதா, சூடா குளிரா, நிரலின் எந்த வரி, நேற்று யார் எதைத் தொட்டார்கள். இவ்வளவும் தமிழில் சொல்லக்கூடியவை. பின்னடைவு, தானம், எல்லை தாண்டல், காப்பு என்ற சொற்கள் பட்டறையில் புழங்கத் தொடங்கிய பிறகு அந்தத் தம்பி சொல்லும் விவரம் எனக்கு விளங்கத் தொடங்கியது. அதற்கு முன் அவர் திரையில் இருந்த ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மொறட்டுவையில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் 1959 இல் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன், வடக்கு கிழக்குப் பிள்ளைகளுக்குக் கிட்டிய இடத்தில் ஒரு வாசல். இந்த நாட்டின் எந்தப் பயிற்சிக் கூடத்திடமும் நான் கேட்பது ஒன்று. நல்ல மெஷினில் நிரல் எழுதப் பழக்குவதோடு, ஒரு மெஷினை வேண்டுமென்றே கெடுத்துவைத்து, ஒரு கனெக்டரைத் தளர்த்தி, ஒரு சென்சர் வயரைக் கழற்றி, கண்டுபிடி என்று பிள்ளைகளை விட வேண்டும். ஓடும் மெஷினில் பத்து நாள் நிற்பதைவிட நின்ற மெஷினில் ஒரு நாள் அதிகம் கற்றுத்தரும்.

நிலாவெளிப் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சிஆர் கொப்பி தொங்குகிறது. திகதி, நேரம், எண், அச்சு, வரி, செய்தது என்று நெடுவரிசைகள். மூன்றாம் மாதம் அந்தத் தம்பி தானாகவே இன்னொரு நெடுவரிசை சேர்த்தார்: காற்று. கச்சான், வாடை, காற்றில்லை. 438 எல்லாம் வாடைக்கு நேரே வரிசையாக நின்றதை அந்த நெடுவரிசைதான் எங்களுக்குக் காட்டியது, எந்தக் கையேட்டிலும் அது இல்லை. அதன் பிறகு பெட்டியின் கதவு ரப்பரை மாற்றி, உள்ளே சிறு சூடாக்கி ஒன்றை இரவில் எரியவிடுகிறோம்.

கொப்பியில் ஒரு வரி இன்னும் முடிக்கப்படாமல் இருக்கிறது. எக்ஸ் அச்சு, 411, காலை முதல் பத்து நிமிடத்துக்குள், காற்றில்லை. ஒன்பது தரம் வந்திருக்கிறது, எல்லாம் திங்கட்கிழமை. மின்தடை சரி, காப்பு 200 மெகாஓம், கையால் சுற்றினால் இறுக்கம் தெரியவில்லை. ஞாயிறு முழுக்க நின்ற மெஷினில் எக்ஸ் தளத்துக்கு எண்ணெய் போகும் குழாய் வடிந்துவிடுகிறதா என்று எனக்குச் சந்தேகம். வரும் திங்கள் காலை ஆறு மணிக்கு, தம்பி மெஷினைப் போடும் முன், எக்ஸ் அச்சின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கப் போகிறேன்.